அண்ணா சாலைக் கட்டடம் யாருடையது?

சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம் உயரத்திற்காகவே பேசப்படுகிறது. அதன் உரிமை வரலாறே நமக்கு முக்கியமானது. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்திற்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்ட கட்டடம் அது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, 245 நிறுவனங்கள் எல்.ஐ.சி.யில் இணைந்தன. 1959இல் திறக்கப்பட்டபோது அது பொதுச் சொத்தாகியிருந்தது.

இம்மாற்றம் பத்திரத்தோடு நிற்கவில்லை. அரசமைப்பின் 16(4) பிரிவு வழிவகுத்த இடஒதுக்கீடு பொதுத்துறையைக் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளிக்கு அக்கடமை இல்லை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் உழைக்கும் தலித் மக்களுக்குத் தோட்ட நிர்வாகத்திலோ ஏலக்காய் வணிகத்திலோ இடஒதுக்கீடு கிடையாது. அவர்களின் பட்டதாரிப் பிள்ளைகள் உரிமையோடு கேட்கக்கூடிய வேலைகள் பொதுத்துறையில்தான் உள்ளன.

அந்த உரிமை இன்று சுருங்குகிறது. முழுதும் அரசுடையதாக இருந்த எல்.ஐ.சி.யில் 3.5 விழுக்காடு பங்குகள் 2022 மே மாதம் விற்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அரசின் பங்கு 51 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது. எனினும், ஒரு திருத்தம் வகுத்த எல்லையை மற்றொரு திருத்தம் அழித்துவிட முடியும். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் சென்றபோது, இடஒதுக்கீட்டுக் கடமையும் விலகிப்போனது.

ஆகவே, பங்கு விற்பனையை வெறும் நிதிச் செய்தியாக நாம் கடந்துவிட முடியாது. அரசின் பெரும்பான்மை உரிமை காக்கப்பட வேண்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு சட்டமாக வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கோருவோம்.