தண்ணீரில் ஓடும் காரும் தட்கலில் கிடைக்காத டிக்கெட்டும்

தண்ணீரில் ஓடும் கார் மறுபடியும் வந்துவிட்டதாம். எங்கள் பூனா தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் பாட்டில் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறார், சாவியைத் திருகுகிறார், வண்டி உறுமுகிறது. பின்னணியில் வீர இசை. கடைசியில் வழக்கமான வரி: பெட்ரோல் கம்பெனிக்காரன் இதை வெளியே வர விடமாட்டான், அதனால் அதிகம் பகிரவும்!

"விடுங்க சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. அதுவும் அனுப்புகிறவருக்கே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் தண்ணீர்க் கதையை முடித்துவிடுவோம். ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். அதாவது தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல். அடுப்புச் சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டு உலை வைக்க முடியுமா? தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம், எட்டாம் வகுப்புப் பையன்கூட பேட்டரி வைத்துச் செய்து காட்டுவான். ஆனால் பிரிக்கச் செலவழித்த சக்தியைவிட, எரிக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவு. இதில் பேரமே கிடையாது.

இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் தண்ணீர்க் கார் காட்டினார். பணம் போட்டவர்கள் வழக்குப் போட, 1996-ல் ஒஹையோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பு சொன்னது. ஜப்பானில் ஜெனிபேக்ஸ் என்ற கம்பெனி 2008-ல் தண்ணீர்க் கார் ஓட்டிக் காட்டியது. 2009-ல் கடையைக் கட்டிவிட்டது. 2012-ல் பாகிஸ்தானில் ஒருவர் காட்டியபோது அமைச்சரே பாராட்டினார், தொலைக்காட்சிகள் கொண்டாடின. வண்டி மட்டும் வரவில்லை. நம்ம ஊர் சளைத்ததா? 1996-ல் மூலிகைப் பெட்ரோலுக்காகத் தமிழ்நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது ஞாபகம் இருக்கும். சோதனையில் அது தேறவில்லை.

"விமானத்தையும் இப்படித்தான் முடியாதுன்னு சொன்னாங்க" என்று ஒரு கேள்வி வரும், தெரியும் :-) ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்தபோது பார்த்தவர்கள் ஐந்து பேர்தான். ஆனால் 1908-ல் பிரான்சில் ஊரறிய, நாடறியப் பறந்து காட்டிவிட்டார்கள். ஐந்தே வருஷம். தண்ணீர்க் கார் ஐம்பது வருஷமாக வீடியோவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இதெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் கதை. என் உண்மையான சண்டை இவர்களோடு இல்லை. கோட் சூட் போட்டுக்கொண்டு, மேடையில், பெரிய மனிதர்கள் முன்னால் காட்டப்படும் மாய வண்டிகளோடுதான். நான் சாக்கன் பக்கம் வண்டி உதிரி பாகம் செய்யும் தொழிலில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே பேசுகிறேன்.

காற்றில் ஓடும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் டாட்டா மோட்டார்ஸ், எம்.டி.ஐ. என்ற ஐரோப்பிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அழுத்திய காற்றில் கார் ஓடும் என்றார்கள். இது மோசடி இல்லை, வண்டி நிஜமாகவே நகரும். 2012-ல் முதல் கட்டம் முடிந்தது, இரண்டு வண்டிகளில் ஓட்டிப் பார்த்தோம் என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் எந்த ஷோரூமிலும் அதைப் பார்க்க முடியவில்லை. ஏன்? 300 லிட்டர் தொட்டியில் காற்றை 300 மடங்கு அழுத்தி அடைத்தாலும் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி ஒன்றரை லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடக் குறைவு. பெட்ரோல் எஞ்சின் முக்கால்வாசியை வீணடிக்கிறது என்று சலுகை கொடுத்துப் பார்த்தாலும் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குத்தான் ஈடு. அதற்கு அவ்வளவு பெரிய தொட்டியைச் சுமக்க வேண்டும். காற்று விரியும்போது குளிர்ந்து உறைந்து, அதிலும் கொஞ்சம் போகும். இந்தக் கணக்கைப் போட ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

அடுத்தது ஹைப்பர்லூப். பூனாக்காரர்களுக்கு இதை மறக்க முடியாது. 2018 பிப்ரவரியில் மும்பை மாநாட்டில் பிரதமரையும் ரிச்சர்ட் பிரான்சனையும் வைத்துக்கொண்டு அறிவித்தார்கள்: மும்பைக்கும் பூனாவுக்கும் 25 நிமிஷம்! 2019-ல் மகாராஷ்டிர அரசு அதைப் பொது உள்கட்டமைப்புத் திட்டம் என்றே அறிவித்தது. 2020 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் 500 மீட்டர் குழாய்க்குள் இரண்டு பேரை உட்கார வைத்து மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். உலகத்திலேயே அந்தக் கம்பெனியின் ஹைப்பர்லூப்பில் ஆட்கள் போன தூரம் அவ்வளவுதான். 2022-ல் பயணிகளை ஏற்றும் யோசனையைக் கைவிட்டு, பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பரோடு கடையை மூடினார்கள்.

இதற்கு நடுவில் என்ன நடந்தது தெரியுமா? மேற்கு பூனாவில் அடுக்குமாடி விற்ற ஒரு பில்டர், ஹைப்பர்லூப் ஸ்டேஷன் பத்து நிமிஷ தூரம் என்று என்னிடமே நோட்டீஸ் நீட்டினார். வராத ரயிலுக்குச் சதுர அடிக்கு விலை! நம்ம ஆட்களில் அதை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் வேலைக்குப் போக இன்றைக்கும் காலையில் அதே பஸ்ஸுக்காகத்தான் நிற்கிறார்கள்.

வந்திருந்தாலும் எத்தனை பேர் போயிருப்போம்? 2013-ல் ஈலான் மஸ்க் வெளியிட்ட மூலத் திட்டத்திலேயே இருக்கிறது: ஒரு பெட்டியில் 28 பேர், சராசரியாக மணிக்கு 840 பேர். கூட்ட நேரத்தில் ஒரே ஒரு மும்பை லோக்கல் நாலாயிரம் பேருக்கு மேல் சுமந்துகொண்டு போகிறது. அதுபோல மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒன்று. எது எதிர்காலத் தொழில்நுட்பம், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஹைட்ரஜன். இதில் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் பொய் இல்லை. உரம் செய்ய, எஃகு உருக்க அது தேவை. ஆனால் வண்டி ஓட்ட? ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதில் இருக்கும் சக்தி 33 யூனிட். அதை அழுத்தி அடைத்து, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக மாற்றிச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதற்குள், நூறு ரூபாயில் முப்பது ரூபாய்தான் மிச்சம். அதே மின்சாரத்தை பேட்டரியிலோ கம்பியிலோ கொடுத்தால் எழுபது ரூபாய்க்கு மேல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். கலிபோர்னியாவில் ஷெல் கம்பெனி 2024-ல் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. ஹைட்ரஜன் ரயிலை முதலில் ஓட்டிய ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம், இனிமேல் பேட்டரி ரயில்தான் வாங்குவோம் என்று 2023-ல் சொல்லிவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? ஹரியானாவில் ஜிந்த் – சோனிபத் தடத்துக்கு ஹைட்ரஜன் ரயில். அதே ஹரியானாவில் அகல ரயில் பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது என்று பெருமையோடு அறிவித்ததும் ரயில்வேதான். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கும் மாநிலத்தில், மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, ஹைட்ரஜனை மின்சாரமாக்கி ரயில் ஓட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது? கிணற்றடியில் குடியிருந்துகொண்டு தண்ணீர் லாரிக்கு போன் போடுவதுதான்.

நிற்க. ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி. தையூரில் 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைத் தடம் போட்டிருக்கிறது. பிள்ளைகள் படிக்கட்டும், தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்ளட்டும். அதற்குத்தான் சோதனைக்கூடம். நான் எதிர்ப்பது சோதனைக்கூடத்தில் இருப்பதை எடுத்து, பட்ஜெட் பேச்சிலும் தேர்தல் மேடையிலும் வீட்டு விளம்பரத்திலும் வைத்து விற்பதை. ஏனென்றால் ஒவ்வொரு மாய வண்டியும் ஒரு நிஜ வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. "எல்லாம் வருது சார், ஹைப்பர்லூப்பே வருது" என்று சொன்னால் "பஸ் ஏன் வரலை?" என்ற கேள்வி செத்துப்போகிறது.

பூனாவையே பாருங்கள். 2006 டிசம்பரில், பஸ்ஸுக்கென்று தனித் தடத்தை நாட்டிலேயே முதலில் போட்ட ஊர் இது. அதை ஒழுங்காக முடிக்காமல், காருக்கும் பைக்குக்கும் விட்டுக்கொடுத்து நாறடித்தார்கள். ஒரு பஸ்ஸில் அறுபது பேர். அந்த அறுபது பேரும் காரில் ஏறினால் சாலை என்ன ஆகும் என்பதை ஹிஞ்சவாடிப் பாலத்தில் மாட்டிக்கொண்ட யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

நிஜமான மாற்றம் சத்தமே போடாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1930 ஜூன் 1-ஆம் தேதி மும்பைக்கும் பூனாவுக்கும் டெக்கான் குயின் ஓட ஆரம்பித்தது, மின்சார எஞ்சினில். இன்னும் ஓடுகிறது. 2022 ஜூன் 1-ஆம் தேதி மகாராஷ்டிர அரசின் முதல் மின்சாரப் பஸ் பூனாவிலிருந்து அகமத்நகருக்குக் கிளம்பியது. 1948-ல் அவர்களுடைய முதல் பஸ் போன அதே தடம். நாம் ஊருக்குப் போகும் சோலாப்பூர், வாடி, குண்டக்கல் வழியில் ஒரு காலத்தில் டீசல் எஞ்சின்தான் இழுத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிள்ளைகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு இறங்கும். இன்று அங்கே மின்கம்பி. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பெட்ரோலியத்தை விட்டு மின்சாரத்துக்கு மாறியது. வீர இசையோடு ஒரு வீடியோ வந்ததா?

எஞ்சின் மாறிவிட்டது, சரி. ஏறுவதற்கு இடம் மாறியதா? 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பொங்கலுக்குப் பதிவு திறக்கும் காலையில் எட்டு மணிக்குக் கணினி முன்னால் தவம் கிடந்தால், எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வந்தால் தட்கல்தான் கதி. அதுவும் கிடைக்காவிட்டால், கைக்குழந்தையோடு முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து போகிற குடும்பங்கள் நம்மிலேயே இருக்கின்றன. ஐ.டி.யில் இருப்பவர் விமானத்தில் போய்விடுவார். சாக்கனில் ஒப்பந்த வேலை செய்யும் திருநெல்வேலித் தம்பி எப்படிப் போவான்? அவனுக்கு 25 நிமிஷக் குழாய் தேவையில்லை. ஒரு ரயில் கூடுதலாக வேண்டும், அதில் படுக்கை வசதியுள்ள சாதாரணப் பெட்டி நாலு கூடுதலாக வேண்டும். அதைச் செய்ய எந்த விஞ்ஞானியும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெட்டி செய்யும் தொழிற்சாலை பெரம்பூரிலேயே இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை மாய வண்டி வீடியோ வந்தால் அனுப்பியவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். சக்தி எங்கிருந்து வருகிறது? ஒரு மணிக்கு எத்தனை பேர் போகலாம்? எந்தத் தேதியில் டிக்கெட் கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பகிராதீர்கள்.

பகிர்ந்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால், நம் சங்கத்தின் சார்பில் ரயில்வேக்கு ஒரு மனு தயாராகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூனாவிலிருந்து தெற்கே சிறப்பு ரயில், முன்கூட்டியே அறிவிப்பு, சாதாரணப் பெட்டிகள் கூடுதலாக. அதில் கையெழுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் போட வையுங்கள். தண்ணீர்க் கார் வீடியோவுக்குக் குழுவில் நாற்பது கைத்தட்டல் விழுந்தது. மனுவுக்கு இதுவரை பதினொரு கையெழுத்துதான்.