மனித விண்வெளிப் பிரயாணம் குறித்து நெடுங்காட்டிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

இந்திய தேசம் தன் சொந்த ராக்கெட்டில் தன் மக்களுள் சிலரை ஏற்றி, பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரச் செய்து, மீண்டும் கடலில் பத்திரமாக இறக்கிக்கொள்ளும் ககன்யான் பிரயத்தனத்தையும், அதற்கப்பால் 2035-க்குள் ஒரு விண்வெளி நிலையம், 2040-க்குள் சந்திரனில் ஓர் இந்தியரின் காலடி என்று அரசாங்கம் வகுத்திருக்கும் நெடிய திட்டத்தையும் எங்கள் மன்றம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறது. ஆயினும் அந்த ஆதரவு நிபந்தனையற்றதன்று. ஒரு மனிதனை ஆகாயத்துக்கு அனுப்பும் அரசாங்கம், அவன் ஏறிச் செல்லும் பாதையின் கீழே கடலில் வலை வீசிக்கொண்டிருக்கும் மனிதனுக்கும் சட்டபூர்வமாகக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அத்தகைய சட்டம் இன்று நம் நாட்டில் இல்லை.

காரைக்கால் மாவட்டத்தில் நெல் விளையும் ஊராகிய நெடுங்காட்டுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். காவிரியின் கடைமடையில், ஆற்று நீர் வந்தால் விதைத்தும் வராவிட்டால் வானத்தைப் பார்த்தும் வாழ்கிற எங்களுக்கு, அந்தச் சம்பந்தம் மிக நெருக்கமானது. 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது, வங்கக் கடலை மேலிருந்து இடைவிடாது கண்காணிக்க நமக்கென்று ஒரு செயற்கைக்கோள் இருக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோதோ, இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் அனுப்பிய படங்களால் அதன் போக்குப் பல நாள் முன்னரே தெரிந்திருந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, வீடுகள் அழிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. எனினும் பல்லாயிரம் பேர் முன்னதாகவே முகாம்களை அடைந்திருந்தார்கள். இன்று காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. விண்வெளி விஞ்ஞானத்தின் பயனை இவ்வளவு நேரடியாக அனுபவித்தவர்கள் அதன் எதிர்காலத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதிருப்பது முறையாகாது.

இவ்விடத்தில் எங்கள் பிரதேசத்தைச் சார்ந்த ஒரு வதந்தியையும் குறிப்பிடுவது அவசியமாகிறது. அருகிலுள்ள திருநள்ளாற்றுச் சனீசுவரர் சந்நிதிக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில விநாடிகள் ஸ்தம்பித்து நின்றுபோகின்றன என்று பல ஆண்டுகளாகப் பரப்பப்படுகிறது. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றுகொண்டிருப்பதனாலேயே கீழே விழாமல் இருக்கிறது. அந்த வேகம் நின்றால் அது பூமியை நோக்கி விழுந்துவிடுமேயன்றி, நின்று வணங்கிவிட்டு மறுபடி புறப்பட இயலாது. சனிப்பெயர்ச்சி நாளில் அங்கே கூடும் லட்சக்கணக்கான பக்தர்களின் சிரத்தையை நாங்கள் மதிக்கிறோம். அந்தச் சிரத்தைக்குப் பொய்யான விஞ்ஞானத்தின் துணை வேண்டியதில்லை. சனிக் கிரகத்தை 2004 முதல் 2017 வரை சுற்றி ஆராய்ந்த காசினி விண்கலத்தின் கதையை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுப்பதை மன்றம் தன் கடமையாகவே கருதுகிறது.

ஏழ்மை இன்னும் நீங்காத நாட்டில் மனிதனை விண்ணுக்கு அனுப்புவது தகுமா என்ற கேள்வியை நாங்கள் இலேசாக ஒதுக்கிவிடவில்லை. ஏனெனில் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தையாகிய விக்ரம் சாராபாயே, சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் செல்வதிலும் மனிதப் பிரயாணத்திலும் செல்வ நாடுகளோடு போட்டியிடும் மனோராஜ்யம் நமக்கில்லை என்றும், சமூகத்தின் மெய்யான பிரச்சினைகளுக்கு உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதிலேயே நாம் எவருக்கும் பின்தங்கலாகாது என்றும் கருத்துரைத்தவர். ககன்யானுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய். விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் உட்படுத்தி, மொத்தம் எட்டுப் பயணங்களுக்கென 2024-இல் அது 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. சாராபாய் மறுத்தது போட்டியையே அன்றி, மனிதன் போவதையன்று என்பது எங்கள் புரிதல். புயலைக் காணும் கண்ணை நமக்கு அளித்த அடித்தளம் வலுப்பெற்றபின், அதன்மேல் நின்று மேலும் ஒரு படி ஏறுவது அவருடைய நோக்கத்துக்கு மாறாகாது. ஆனால் வானிலைச் செயற்கைக்கோள்களின் பணம் குறைந்து மனிதப் பிரயாணத்தின் பணம் பெருகுமானால், அன்று நாங்கள் இந்த ஆதரவை மீளப் பெறுவோம்.

மனிதப் பிரயாணத்தின் அபாயங்களும் சிறியவையல்ல. எடையற்ற நிலையில் எலும்பின் அடர்த்தி மாதந்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறது, கண்பார்வை மாறுகிறது, பூமியின் காந்தக் கவசத்துக்கு அப்பால் கதிரியக்கத்தினின்று தப்ப இன்னும் நிச்சயமான வழி காணப்படவில்லை. செவ்வாய்க்குச் சென்று மீள்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்; அங்கிருப்பவர் ஓர் அபாயத்தை அறிவித்தால், செய்தி பூமிக்கு வந்துசேரவே தூரத்துக்குத் தக்கபடி மூன்று முதல் இருபத்திரண்டு நிமிஷம் செல்லும். 2003 பிப்ரவரி 1-ஆம் நாள் கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டதை எவரும் மறக்கவில்லை. ஆகையால், சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டாகிய 2022-க்குள் முடிப்பதாகக் கூறப்பட்ட ககன்யான் தள்ளிப்போனதை நாங்கள் குறையாகக் கருதவில்லை. விழா நாள்களுக்காக மனித உயிரோடு அவசரப்படுவதை எந்த அரசாங்கம் செய்தாலும் எதிர்ப்போம்.

இனி, எங்கள் பிரதான விஷயத்துக்கு வருகிறோம். 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது, அந்த ஏவுதளத்துக்கு இடம் கொடுத்தவர்கள் கேரளக் கரையின் மீனவ மக்கள். அவர்கள் வழிபட்ட மேரி மக்தலேனா தேவாலயமே விஞ்ஞானிகளின் முதற்பணிமனையாயிற்று. இந்திய விண்வெளித் திட்டம் கடற்கரை மக்களின் கொடையிலே பிறந்தது என்பது மிகைப்பட்ட வார்த்தையன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்படும் ஒவ்வொரு முறையும், எரிந்து முடிந்த பாகங்கள் விழக்கூடிய கடற்பகுதிக்குச் செல்லலாகாது என்று எச்சரிக்கை விடப்படுகிறது. கடலுக்குப் போகாத நாளில் மீனவரின் வீட்டில் வருமானம் இல்லை. 2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்து மீனவர்களின் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று சிக்கி, அதை அவர்கள் கரைக்கு இழுத்துவந்தார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், இதே கவலை தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளுக்கும் பரவும். இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லாமல் நேரே தெற்கு நோக்கிச் செலுத்த முடிவதால் எரிபொருள் மிச்சமாகும் என்ற அந்தத் தளத்தின் நன்மையை நாங்கள் மறுக்கவில்லை.

இந்தியாவும் ஏற்றுக்கொண்ட 1972-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, ஒரு நாடு செலுத்திய விண்பொருள் பூமியின்மேல் விழுந்து சேதம் விளைத்தால், குற்றம் யாருடையது என்று ஆராயாமலே அந்நாடு நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டது. 1978-இல் அணு உலையைத் தாங்கிய சோவியத் செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தபோது, பின்னர் முப்பது லட்சம் கனேடிய டாலர் கொடுக்கப்பட்டது. ஆனால் அதே உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, செலுத்திய நாட்டின் சொந்தப் பிரஜைகளுக்கு இது பொருந்தாது என்கிறது. அதாவது, நம் ராக்கெட்டின் துண்டு விழுந்து அயல்நாட்டுப் படகு உடைந்தால் அந்நாட்டுக்கு வழக்குண்டு. எங்கள் காரைக்கால் கரையின் கிளிஞ்சல்மேட்டுப் படகு உடைந்தால், படகுக்காரர் பொதுச் சட்டத்தின் நீண்ட படிகளில் ஏறி, குற்றத்தைத் தாமே நிரூபித்தாக வேண்டும். சொந்த மக்களை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் விடப்பட்ட இடைவெளி அது. 2017-இல் வெளியிடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு சட்டமாகவில்லை. 2023-இல் வந்தது கொள்கையே தவிரச் சட்டமன்று. தனியார் நிறுவனங்களும் ராக்கெட் செலுத்தத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் இந்த இடைவெளி சிறிதன்று.

ஆகாயத்தில் சேரும் குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007-இல் சீனமும், 2019 மார்ச் 27-ஆம் நாள் நம் தேசமும் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்துச் சோதித்தன. நம்முடையது தாழ்ந்த உயரத்தில் நடந்ததால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் விழுந்து எரிந்தன என்பது உண்மை. சில மேலே எறியப்பட்டு வெகுகாலம் சுற்றின என்பதும் உண்மை. விண்வெளி நிலையத்தில் தன் மக்களை வசிக்கவைக்க விரும்பும் நாடு, அத்தகைய சோதனையை இனிச் செய்வதில்லை என்று, அமெரிக்கா 2022-இல் கூறியதுபோல, தானும் உறுதி கூறவேண்டும். சந்திரனை எந்த நாடும் தனியுடைமை ஆக்கிக்கொள்ளலாகாது என்ற 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் கருத்து, அதன் நீருக்கும் கனிமங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

ஆகவே, ககன்யானில் முதல் இந்தியர் ஏறுவதற்கு முன்னரே விண்வெளிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும் எனக் கோருகிறோம். விண்பொருளால் இந்தியப் பிரஜைக்கு நேரும் சேதத்துக்கு, குற்றத்தை நிரூபிக்கும் பாரமின்றி நஷ்டஈடு கிடைக்க அதில் வழிசெய்ய வேண்டும். தடைவிதிக்கப்படும் நாள்களுக்கு மீனவர்க்கு ஈட்டுத்தொகை வேண்டும். கடல் எச்சரிக்கைகள் உரிய காலத்தில் தமிழில், கிராமப் பஞ்சாயத்தார் வாயிலாக வந்துசேர வேண்டும். இவ்வறிக்கையின் பிரதிகளை விண்வெளித் துறைக்கும், புதுச்சேரியின் மக்களவை உறுப்பினருக்கும், காரைக்கால் மாவட்டத்து மீனவக் கிராமப் பஞ்சாயத்துகள் யாவற்றுக்கும் அனுப்புகிறோம்.