கூரை குளிரட்டும்!

சித்திரை வெயில் குஜிலியம்பாறைக்குச் சிரித்துக்கொண்டா வருகிறது? சீறிக்கொண்டல்லவா வருகிறது! பட்டா கேட்டு வந்த உழவர் அலுவலக வராந்தாவில் வியர்த்து நிற்கிறார். உள்ளே மின்விசிறி அனலை அள்ளி வீசுகிறது. காரணம்? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம்! அதைத் தணிக்கக் குளிர்சாதனம், அதற்கு மின்சாரம், அதற்குப் பணம் யாருடையது? மக்களுடையது!

வழி இல்லையா? உண்டு. 2004-ல் ஐதராபாத்தில் அப்துல் கலாம் திறந்துவைத்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தைப் பாருங்கள். கூரையில் பாதிக்கு மேல் தோட்டம்! மண் வெப்பத்தைத் தடுக்கிறது. இலைகள் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கின்றன. குளிர்சாதனத்தின் வேலை குறைகிறது.

“குடிநீருக்கே குடம் தூக்கும் ஊரில் கூரைக்குத் தோட்டமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! புல்வெளி வேண்டாம், வறட்சி தாங்கும் கற்றாழை வளரட்டும். குடிநீர் வேண்டாம்; கை கழுவிய நீரை ஊற்றுவோம். மண்ணின் பாரத்தைத் தாங்குமா தளம்? பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். தாங்காத தளத்துக்கும் தகரக் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. அது வெயிலைத் திருப்பி அனுப்பும்.

தோழர்களே! இந்தக் குளிர்ச்சி அதிகாரி அறையோடு நின்றால் அது அலங்காரம். வராந்தாவில் நிற்கும் உழவருக்கும், கொட்டகையில் வேகும் தொழிலாளிக்கும் வந்தால்தான் அது நீதி! கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!