மாடிப் பொங்கலுக்கு இரக்கம் வேண்டாம்

கார்த்திகை முடிவதற்குள் ஊரிலிருந்து கேள்வி வந்துவிடும். "பொங்கலுக்கு வாறியாத்தா?" டிக்கெட் கிடைக்கவில்லை என்று கொஞ்சம் இழுத்தால் போதும், அந்தப் பக்கம் ஒரு 'ச்சொ' கேட்கும். "பாவம், அங்கிட்டு ஒத்தையில கெடந்து என்னத்தப் பொங்கல் வைக்கப் போற." அம்மாவில் தொடங்கி, சித்தி, பெரியம்மா, தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் மாமா வரை சிவகங்கைச் சீமையில் என்மேல் இரக்கப்படாதவர்கள் குறைவு. டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்க்கிற எனக்கு, அவர்கள் நினைக்கிற அளவுக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த இரக்கத்தை மரியாதையோடு திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

போக மனசில்லாமல் இல்லை. ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். பொங்கல் டிக்கெட்டுக்கான அடிபிடி செப்டம்பரிலிருந்து நவம்பருக்கு நகர்ந்ததே தவிர, குறையவில்லை. காலை எட்டு மணிக்குத் திறக்கும்; முகம் கழுவிவிட்டு வருவதற்குள் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சம். கிடைத்தாலும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவும் ஒரு பகலும். அங்கிருந்து மானாமதுரைக்கு இன்னோர் இரவு. ஜனவரிப் பனிமூட்டத்தில் வடக்கே ரயில் எப்போது கிளம்பும் என்பது ரயிலுக்கே தெரியாது. விமானக் கட்டணம் பற்றி அரசுக் குமாஸ்தா பேசக் கூடாது. இதற்கு மேல் ஜனவரி 26 வருகிறது. கர்தவ்ய பாதையில் ஒத்திகை தொடங்கிவிட்டால் பாதி டெல்லிக்கு வழி அடைத்துவிடுவார்கள். எங்கள் பிரிவில் ஒரு வார லீவு என்று வாயெடுத்தால் அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

நான் குடியிருப்பது பழைய ராஜேந்திர நகர். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக உண்டான குடியிருப்பு அது. இன்று ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் கூடாரம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. சந்துக்குள் நடந்தால் தேனித் தமிழும் திருநெல்வேலித் தமிழும் காதில் விழும். இரண்டாம் மாடியில் நாங்கள் மூவர் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். ஒருத்தி அசாமில் ஜோர்ஹாட்காரி, இன்னொருத்தி பீகாரில் கயாக்காரி. எதிர்வீட்டில் கோட்டயத்து நர்ஸ் சேச்சி. கீழ்த்தளத்து அறைகளில் தேனிப் பையனும் விழுப்புரத்துப் பையனும் படிக்கிறார்கள்; என்னை 'அக்கா' என்பார்கள். வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாவை நாங்கள் எல்லோருமே 'ஆன்ட்டி' என்போம். இதுதான் என் பொங்கல் குடும்பம். அட்டவணை போட்டுச் சேர்ந்ததல்ல. தைப் பிறப்பு அன்று யாராலும் ஊருக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

தை முதல் நாள் என்பது நமக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பதை நான் டெல்லிக்கு வந்துதான் கண்ணால் பார்த்தேன். சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற நாளை இந்த நாடு முழுவதும் ஏதோ ஒரு பெயரில் கொண்டாடுகிறது. நமக்குப் போகி என்றால் பஞ்சாபிகளுக்கு லோஹ்ரி. நாம் விடியலில் பழையதை எரிப்போம். அவர்கள் இரவில் தீ மூட்டிச் சுற்றி வந்து வேர்க்கடலை, எள் மிட்டாய், பொரித்த சோளம் எல்லாம் அதில் போடுவார்கள். கயாக்காரிக்கு அன்று அவலும் தயிரும், கூடவே திலகூட். கயாவின் திலகூட்டுக்கு நம் ஊர் மணப்பாறை முறுக்குக்கு உள்ள மதிப்பு. அசாம்காரிக்கு மாக பிஹு: முந்தின இரவு ஊர் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, விடியலில் வைக்கோலும் மூங்கிலும் அடுக்கிய 'மேஜி'யைக் கொளுத்துவார்கள். சேச்சி கிறிஸ்தவர். ஆனாலும் சபரிமலையில் மகரவிளக்கு என்றால் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆகவே எங்கள் வீட்டில் பண்டிகை முந்தின இரவு தெருவில் ஆன்ட்டியின் லோஹ்ரித் தீயில் தொடங்கும். கடும் குளிரில் அதைச் சுற்றி நிற்பதே பெரிய சுகம். ஆன்ட்டியின் மாமியார் லாகூர்ப் பக்கத்திலிருந்து கைப்பையோடு வந்தவராம். வந்த முதல் குளிர்காலத்திலேயே, இன்னும் சுவர்கூட எழும்பாத இந்த இடத்தில், முன்பின் தெரியாத அகதிக் குடும்பங்களோடு சேர்ந்து லோஹ்ரி மூட்டினார் என்று ஆன்ட்டி சொல்வார். எனக்கு மாடியில் பொங்கல் வைக்க அனுமதி கேட்டபோது அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இனிப் பொங்கலுக்கு வருவோம். பானை மானாமதுரைப் பானை. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவள் அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் அப்பத்தா ஆவி மன்னிக்காது. பெட்ஷீட்டில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பானை அது. சிலர் குக்கரில் வைத்து முடித்துவிடுகிறார்கள், அவரவர் சௌகரியம். ஆனால் குக்கரில் விசில்தான் வரும், பொங்கி வராது. அரிசி அம்மா அனுப்புகிற புது அரிசி. டெல்லிக் கடைகளில் எங்கு பார்த்தாலும் பாஸ்மதி. அதில் வைத்தால் பருக்கை பருக்கையாக விறைத்துக்கொண்டு நிற்கும், குழையவே குழையாது. புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாக வைக்க வேண்டும் என்று அசாம்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரம்மபுத்திராக் கரையிலும் நெல்தான் விளைகிறது.

வெல்லத்தில் மட்டும் டெல்லி நம்மை ஜெயித்துவிடும். உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர்ப் பக்கம் கரும்பு ஆட்டுகிற காலம் இது. புதிதாய்க் காய்ச்சிய வெல்லம் இளம் பொன்னிறத்தில் கடைகளில் வந்து குவியும். கிள்ளினால் கையில் உதிரும். கரும்பு அப்படியில்லை. நம்முடைய கருப்புக் கரும்பு இங்கே சாதாரணக் கடைகளில் கிடைக்காது, வெளிறிய மெல்லிய கரும்புதான். மஞ்சள் கொத்துக்கும் எங்கள் பக்கம் வழியில்லை. காய்ந்த மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டிவிடுவேன். தேங்காய், வாழையிலை, பூசணிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். அங்கே மலையாளிகள் புண்ணியத்தில் தென்னாட்டுக் காய்கள் எல்லாம் உண்டு. வாங்கிவருவது சேச்சியின் பொறுப்பு. விலையை மட்டும் அம்மாவிடம் சொல்வதில்லை.

மாடியில் விறகு எரிப்பதில்லை. புகையும் பனியும் ஊரையே விழுங்குகிற மாதத்தில் அதற்கு மனசும் வராது, கெடுபிடியும் உண்டு. தேனிப் பையனின் சின்ன சிலிண்டர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போவோம். ஏழேகால் மணிக்குச் சூரிய உதயம் என்று காலண்டர் சொல்லும். பனிமூட்டத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது. கிழக்கு எது என்று கைபேசியில் திசைகாட்டி பார்த்துத்தான் பானை வைக்கிறோம். சூரியனுக்கு வைக்கிற பொங்கலில் சூரியனே பத்து மணிக்கு மேல்தான் வந்து சேருவார். கோலம் விழுப்புரத்துப் பையன் போட்டான். அக்காக்கள் இல்லாத வீட்டில் வளர்ந்ததால் கற்றுக்கொண்டானாம், என்னைவிட நேராகப் புள்ளி வைக்கிறான். பால் நுரைத்து மேலே வந்தபோது கயாக்காரி அடுப்பைக் குறைக்கப் பாய்ந்தாள். தினமும் பால் காய்ச்சுகிற கை அப்படித்தான் பாயும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவள் கையைப் பிடிக்க, பால் பொங்கி வழிய, 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினோம். அந்தச் சத்தத்தோடு குலவையும் வந்தது. எங்கள் பக்கத்தில் குலவை இல்லாமல் பொங்கல் இல்லை. அப்பத்தாவோடு அது எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று. எனக்கு நாக்கு புரளாது. குலவை போட்டவள் அசாம்காரி. நல்ல காரியம் எதற்கும் அவர்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் ஒலி எழுப்புவார்களாம். அன்று ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டிருந்தேன். சத்தத்தைக் கேட்டு அம்மா, "யாருடி அது, நம்ம பக்கத்துப் புள்ளையா?" என்றார்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் நண்பர்களோடு வைக்கிற பொங்கலை, வீட்டுப் பொங்கல் கிடைக்காதவர்களின் ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாடாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். வீட்டுப் பொங்கலில் இல்லாத சில நல்ல விஷயங்கள் இதில் உண்டு என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் பொங்கல் என்பது அம்மாவின் உழைப்பு. மூன்று மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பதில் தொடங்கி, கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கிறவரை ஒரே ஆள். அப்பாவும் சித்தப்பாக்களும் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு, "என்ன, இன்னும் பொங்கலையா?" என்று கேட்பார்கள். அண்ணன் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற திட்டத்தில் இருப்பான். என் டெல்லி மாடியில் அரிசி களைகிறவன் ஆண், முந்திரி வறுக்கிறவன் ஆண், பாத்திரம் துலக்குகிறவர்கள் அந்த இரண்டு பையன்கள். யாரும் புரட்சி செய்யவில்லை. சோம்பி உட்காருவதற்கு அவர்களுக்கு இங்கே அம்மா இல்லை. வீட்டில் இருந்தால் இதே பையன்கள் கட்டிலில் கைபேசியோடு கிடப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சீர்வரிசைக் கணக்கும் இங்கே இல்லை. பொங்கப்படி யார் வீட்டுக்கு எவ்வளவு போனது, போன வருஷம் பித்தளைப் பானை வந்த இடத்தில் இந்த வருஷம் ஏன் எவர்சில்வர் என்று முகம் திருப்பிக்கொள்ள யாருக்கும் யாரும் கடமைப்படவில்லை.

இன்னொன்று சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரலாம். எங்கள் தெருப் பானையும் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருப் பானையும் பக்கத்துப் பக்கத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் யார் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. டெல்லியில் சாதி இல்லை என்று சொல்லவில்லை. 'என்ன சமைப்பீர்கள்' என்ற கேள்விக்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கும் என்பது வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரோடு சேர்ந்து பொங்குவது என்பதை நாங்களே முடிவு செய்கிற ஓர் இடம் அந்த மாடி.

இழப்பு இல்லை என்று சாதிக்க மாட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு எங்களிடம் மாடு இல்லை. கொம்புக்கு வர்ணம் அடிக்கிற மணம், தொழுவத்தில் வைக்கிற இரண்டாம் பானை எதுவும் இல்லை. விழுந்து கும்பிட்டுக் காசு வாங்கப் பெரியவர்கள் இல்லை. ஆன்ட்டி காலைத் தொட்டால் வாழ்த்துவார், பத்து ரூபாய் தர மாட்டார். விளைந்த வயலைப் பார்க்காமல் விளைச்சலுக்கு நன்றி சொல்வது அரைகுறைதான்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை மண்டப விழா போதும் என்று இருந்துவிடவும் எனக்குச் சம்மதமில்லை. தமிழ்ச் சங்கங்கள் செய்கிற பணி சின்னதல்ல. 1946-லிருந்து இயங்குகிற டெல்லித் தமிழ்ச் சங்கம் போன்றவை இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சே காதில் விழுந்திருக்காது. விழா நடக்கட்டும், பட்டிமன்றமும் நடக்கட்டும். ஆனால் மண்டபத்தில் நாம் பார்வையாளர்கள். யாரோ வைத்த பொங்கலை வரிசையில் நின்று தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். பால் பொங்குகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கிற வேலை நமக்குக் கிடைப்பதில்லை.

ஊரில் இருக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகையன்று பிள்ளை பேசும்போது 'பாவம்' என்று தொடங்காதீர்கள். யார் யார் வந்தார்கள், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு படி புது அரிசி பார்சலில் போடுங்கள்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. மத்திய அரசு ஊழியர்களுக்குப் பொங்கல் பொது விடுமுறை இல்லாத ஊர்களில்கூட, வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலில் மகர சங்கராந்தி, மாக பிஹு, பொங்கல் மூன்றும் இருக்கின்றன. ஆண்டுக்கு 2 நாள் அப்படி எடுத்துக்கொள்ளலாம். பலர் அதை எதற்கோ எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். ஒன்றைத் தைக்கு ஒதுக்குங்கள். தனியார் நிறுவனமாக இருந்தால் ஒரு நாள் விடுப்பைச் செலவழியுங்கள், தப்பில்லை. விண்ணப்பத்தை டிசம்பரிலேயே கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் எதிர்வீட்டுக் கதவையும் தட்டிவிடுங்கள். தேங்காய் யார் வாங்குவது, பாத்திரம் யார் கழுவுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.