இழை சொல்லும், நிறம் சொல்லாது

எட்டயபுரத்துப் பாரதியும் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் இன்று கைப்பேசித் திரைகளில் வண்ணத்தில் உலவுகிறார்கள். கடம்பூர், கோவில்பட்டி வட்டாரத்துப் பழைய குடும்பப் படங்களுக்கும் அதே நிறமூட்டும் மென்பொருள் போதும்; சில நொடிகளில் சேலை சிவந்துவிடும், புஞ்சை பழுப்பேறிவிடும். படத்துக்குள் மறைந்திருந்த நிறத்தை மென்பொருள் மீட்டுத் தருகிறது என்ற நம்பிக்கையும் வேரூன்றிவிட்டது. நெசவின் இழையும் சுவரின் காரையும் மண்ணின் வெடிப்பும் அச்சு அசலாகத் தெரியும்போது நிறம் மட்டும் எப்படித் தப்பாகும் என்கிறார்கள். தப்பாகும். இழை சரியாக இருப்பதாலேயே அந்தத் தப்பு கண்ணில் படாமல் போகும்.

சாம்பலுக்குள் நிறம் ஒளிந்திருக்கிறது என்பது முதல் பிழை. பழைய புகைப்படத் தகடு பதிந்துகொண்டது ஒளியின் அளவை மட்டுமே. இரு நிறங்கள் ஒரே சாம்பலாக விழுந்துவிட்டால், எது எதுவென்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த அளவிலும் கோணல் உண்டு. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்த பிறகும், சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் குங்குமம் கறுத்துவிடும். வெளிர்நீலம் வெள்ளையை நெருங்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடித் தேரிச் செம்மணலும் கடம்பூர்க் கரிசலும் அத்தகைய தகட்டில் ஏறத்தாழ ஒரே கருமையாக விழக்கூடும்.

தேரி மணல் வெடிக்காது, கரிசல் வெடிக்கும். பரப்பைப் பார்த்தே பிரித்துவிடலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பரப்பு பொருளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பொருள் தெரிந்ததால் நிறம் தெரிந்துவிடாது. கரிசலே மழை குடித்தபோது ஒரு நிறம், கோடையில் வறண்டு பிளந்தபோது வேறொரு நிறம். மண்ணுக்காவது இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது; சாயம் தோய்த்த துணிக்கு அதுவும் இல்லை. கைத்தறி என்று இழை சொல்லும். அது அரக்கா பச்சையா என்று சொல்லாது. போட்டோஷாப்பில் ‘கலர்’ முறையில் நிறம் ஏற்றினால் மூலப்படத்தின் வெளிச்சமும் இருளும் அப்படியே இருக்கும். மேலிருந்து வருவது சாயம் மட்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த துணியும், வெள்ளைச் சுக்கான்கல் சிதறிய கரிசலும் ஒரே பூச்சில் ஒரே சாயம் பெற்றுவிடுகின்றன. இழை அந்தக் காலத்தது, நிறம் நேற்றையது. பார்ப்பவர் இழையின் மேல் வைத்த நம்பிக்கை நிறத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்ற செயற்கை நுண்ணறிவுக்குத் தெரியாதா என்பது அடுத்த வாதம். 2016-இல் பரவலாகப் பேசப்பட்ட நிறமூட்டும் முறை ஒன்று, இமேஜ்நெட் தொகுப்பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பயின்றது. அது கற்றது வழக்கத்தை: இப்படிப்பட்ட பரப்புக்குப் பெரும்பாலும் இந்த நிறம் என்பதை. பல நிறங்களுக்குச் சம வாய்ப்புள்ள இடத்தில் நிறமூட்டும் முறைகள் பல சராசரியை நாடி மங்கிய பழுப்பில் ஒதுங்குவதும் அத்துறையினர் அறிந்த குறைதான். ஒரு குறிப்பிட்ட பெண் ஒரு குறிப்பிட்ட நாளில் உடுத்திய சேலைக்கு எந்தச் சராசரியும் சாட்சியாகாது.

அந்தக் கால ஸ்டுடியோக்காரர்களும் கையால் வண்ணம் தீட்டினார்களே என்பார்கள். தீட்டினார்கள், ஆனால் படத்துக்குரியவரிடம் கேட்டுத் தீட்ட அவர்களுக்கு வாய்ப்பிருந்தது, பூச்சு பூச்சாகவே தெரிந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவின் (1898–1976) காலண்டர் முருகனை யாரும் புகைப்பட ஆதாரமாகக் காட்டியதில்லை.

வண்ணம் இருந்தால்தான் இளையவர்கள் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கவர்ச்சி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை 2021-இல் பார்த்தோம். கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறைக் கைதிகளின் படங்களுக்கு வண்ணம் ஏற்றிய ஒருவர், சில முகங்களில் சிரிப்பையும் ஏற்றிவிட்டார். எதிர்ப்பு எழுந்து, வெளியிட்ட ஊடகம் அவற்றை நீக்கியது. எனவே வண்ணப் படத்தோடு மூலப்படமும் சேர்ந்தே போகட்டும். எந்த நிறம் பெட்டியில் எஞ்சிய சேலையிலிருந்து வந்தது, எது ஊகம் என்று படத்தின் கீழேயே எழுதப்படட்டும். ஆதாரம் கிடைக்காத பரப்பைச் சாம்பலாகவே விட்டுவைப்பதும் நல்ல வேலைப்பாடுதான்.