மணிக்கூட்டுக்குச் சாதா பெட்டரி, பள்ளி மைக்குக்குச் சார்ஜ் பெட்டரி



நம்மட ஊரில் பெட்டரி வாங்குவது என்றால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி "ரெண்டு பெட்டரி" என்று சொல்வதுதான். மணிக்கூட்டுக்கும் அதே, டோர்ச்சுக்கும் அதே, விளையாட்டுக் காருக்கும் அதே. இப்போது சிலர் எல்லாவற்றையும் சார்ஜ் பண்ணும் பெட்டரியாக மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை என்பதே எங்கள் கருத்து.

வகுப்பில் பிள்ளைகளோடு போடுகிற கணக்குத்தான். ஒரு சார்ஜ் பெட்டரியின் விலைக்கு எட்டு சாதா பெட்டரி வரும் என்று வைத்துக்கொள்வோம். சுவர் மணிக்கூடு வருஷத்துக்கு ஒரு பெட்டரி தின்னும். போட்ட காசு திரும்ப எட்டு வருஷம். அதற்குள் சார்ஜ் பெட்டரிக்கே வயது போய்விடும். அது சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கும் வேறு. ரிமோட்டுக்கும் இதே தீர்ப்பு.

ஆனால் ஜும்ஆ மைக்கைப் பாருங்கள். கதீப் மிம்பரில் ஏற முன்னர் புதுப் பெட்டரி போடுகிறோம். பாதி மிச்சமிருந்தாலும் அடுத்த வாரம் நம்புவதில்லை, கழற்றி எறிகிறோம். வாரம் ஒரு சோடி! இங்கே அதே எட்டு, இரண்டு மாதத்தில் முடிகிறது. சார்ஜருக்கு இன்னும் சில மாதம். போவது ஜமாஅத்தின் சந்தாக் காசு. இரண்டு சோடியும் ஒரு சார்ஜரும் வாங்கி, வியாழன் இரவு முஅத்தின் சார்ஜில் போட்டால் போதும்.

1.2 வோல்ட்தானே, மைக் வேலை செய்யுமா என்று கேட்பார்கள். சாதா பெட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் பாவிக்கப் பாவிக்க இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரி ஏறக்குறைய கடைசி வரை 1.2இல் நிற்கும். அனேகமான மைக்குகளுக்கு அது போதும். மைக்கோடு வந்த புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கும் தினமும் பாவிக்கும் டோர்ச்சுக்கும் சார்ஜ் பெட்டரிதான். அவசரத்துக்கென்று அலுமாரியில் கிடக்கும் டோர்ச்சுக்கு மட்டும் அல்கலைன் வையுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதே, அப்படி ஒரு நாளில் எங்கே சார்ஜ் போடுவது?

எறிகிற பெட்டரியையும் சொல்ல வேண்டும். முற்றத்தில் குப்பையோடு சேர்த்து நெருப்பு வைக்கிறோம். அது வெடிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். புதைத்தால் பக்கத்திலேயே கிணறு. மூடியுள்ள ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள், இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்கலாம்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மைக் விஷயத்தை நாங்கள் எழுப்பப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். சார்ஜர் வந்த பிறகு யாரும் சாதா பெட்டரியை அதில் போட்டுவிடாதீர்கள், கசியும், வெடிக்கவும் கூடும்.