செவிக்கு எட்டாத தமிழ்

மொழி முதற்கண் ஒலியே. எழுத்து அதன்பின் வந்தது. ஒலியை எழுத்தாக்கிக் கண்ணுக்குக் காட்டிய மாந்தன், அவ்வெழுத்தை மீண்டும் ஒலியாக்கிச் செவிக்குத் தரும் கருவியையும் செய்துவிட்டான். அதன் பெயர் திரைபடிப்பி. கணிப்பொறியின் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அது. கண்ணொளி இழந்தோர்க்கு அதுவே கண். அக்கண்ணுக்குத் தமிழ் புலப்படுகின்றதா? தமிழ்ப்பற்றுடையார் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

பார்வையற்ற இளைஞர் ஒருவர் புதிய மடிக்கணிப்பொறியின் முன் அமர்வதை எண்ணிப் பார்க்க. திரையால் அவர்க்குப் பயனில்லை. சுட்டியாலும் பயனில்லை, அம்புக்குறி நிற்குமிடத்தைக் கண்டாலன்றோ அதனை நகர்த்த இயலும்? அவர்க்குரியன விரல்களும் செவிகளுமே. விசைப்பலகையின் நடு வரிசையில் இரு விசைகளின்மேல் மட்டும் சிறு மேடுகள் உள்ளன. இரு சுட்டுவிரல்களும் அவற்றில் அமர்ந்துவிட்டால் ஏனைய விசைகளின் இடம் தானே விளங்கும். விண்டோசுப் பொறியாயின், விண்டோசு விசையையும் கட்டுப்பாட்டு விசையையும் உள்ளிடு விசையையும் ஒருங்கே அழுத்திய அளவில் அதனோடு வந்த படிப்பி பேசத் தொடங்கும்.

அதனினும் பரவலாகப் பலர் கைக்கொள்வது என்.வி.டி.ஏ. என்னும் படிப்பி. ஆத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-ஆம் ஆண்டு அதனை உருவாக்கத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்க இயலாதார்க்கும் கணிப்பொறி பேசவேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்றும் அது விலையின்றியே கிடைக்கின்றது. தன்னார்வலர் உழைப்பால் அதன் பட்டியல்களும் கட்டளைகளும் தமிழிலும் கிடைக்கின்றன.

அதனைக் கற்கும் முறை எளிதே. ஆயின் பொறுமை வேண்டும். படிப்பியின் தனி விசையோடு ஒன்று என்னும் எண்ணை அழுத்தினால், அதன்பின் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் அது சொல்லும், வேறொன்றும் நிகழாது. அச்சமின்றி விசைகளைத் தடவிப் பழகுதற்கு அமைந்த பள்ளிக்கூடம் அது. கட்டுப்பாட்டு விசையைத் தொட்டால் பேச்சு நிற்கும். இணையப் பக்கத்தில் ஒரு விசை தலைப்புதோறும் தாவச் செய்யும். மற்றொன்று இணைப்புதோறும் தாவச் செய்யும். கண்ணுள்ளார் ஒரு பார்வையில் மேய்வதை அவர் இத்தாவல்களால் மேய்கின்றார். சில கிழமைகளில் விரல்கள் தாமே வழி காணும்.

இவ்வளவு உழைத்துக் கற்றவர் ஒரு தமிழிதழைத் திறக்கின்றார். அங்குதான் அவர் முன் கதவு அடைபடுகின்றது.

அதற்குக் கரணியம் உண்டு. திரைபடிப்பி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அவ்வெழுத்துக்குப் பொறியினுள் வழங்கும் குறியெண்ணையே படிக்கின்றது. 1991-ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியில் தமிழெழுத்துகட்குத் தனியிடம் உண்டு. ஆயின் பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், பொறியினுள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. கண் அதனை அம்மா என்று காணும். படிப்பியோ பொருளற்ற ஆங்கிலக் குறிகளாக உளறும். தாயை அழைக்கும் சொல்லே தமிழ்மகன் செவியில் அயல்மொழிக் குப்பையாய் விழுகின்றது. தாளை ஒளிப்படமாக எடுத்து அப்படியே வலையேற்றுவோர் செயல் இன்னும் கொடிது. அங்கே உளறலும் இல்லை. 'படம்' என்னும் ஒரு சொல்லோடு பொறி வாய்மூடிக் கொள்ளும்.

தமிழைப் படிக்கும் குரல் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. ஈசுபீக்கு என்னும் கட்டற்ற பேச்சுப்பொறி தமிழைப் பேசுகின்றது. விண்டோசுப் பொறியில் உள்ள தமிழ்க்குரல் ஒன்றுக்கு வள்ளுவர் என்றே பெயரிட்டுள்ளனர். அயல்நாட்டு நிறுவனம் வள்ளுவர் பெயரால் குரல் தந்திருக்க, அக்குரல் படிக்கத்தக்க வகையில் எழுத்தைத் தரத் தமிழ்நாட்டு அச்சகங்கட்கு மனம் வரவில்லை என்றால் அதனை என்னென்பது?

ஆணைகளுக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறிமுறைகளுள் ஒன்றாக ஏற்று ஆணையிட்டது. மாற்றுத்திறனாளர் உரிமைகட்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், ஒலியிலும் அச்சிலும் மின்னூடகத்திலும் வரும் உள்ளடக்கம் அவர்கட்கு எட்டும் வடிவில் அமைய அரசு வழிசெய்ய வேண்டும் என்கின்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலக்கம். இவர்கள் இரப்பது இரக்கத்தையன்று. சட்டம் தந்த உரிமையையே கேட்கின்றனர்.

'பழைய கோப்புகளை மாற்றப் பொருட்செலவாகும்' என்பர் சிலர். பழைய குறிமுறையை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. பின்னர் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தால் போதும். 'ஒருங்குறியில் தந்தால் பிறர் எளிதிற் படியெடுப்பர்' என்பர் வேறு சிலர். படியெடுப்போனைத் தடுக்கப் படிப்போனை வாயிலில் நிறுத்துவது எவ்வகை அறம்? அயற்சொல் கலவாது எழுதுகின்றோம் என்று நெஞ்சு நிமிர்த்தும் தனித்தமிழ் இதழ்களும் இப்பழிக்குப் புறம்பானவை அல்ல. சொல்லில் தூய்மை காத்து, அச்சொல்லின் குறியெண்ணில் ஆங்கிலத்தைப் பொதிந்து வைப்பது எத்தகைய தனித்தமிழ்?

செய்யவேண்டியவை சிலவே. இதழும் நூலும் அரசாணையும் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். தலைப்பைத் தலைப்பென்றே பொறிக்கு அறிவித்தல் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டும் போதாது. படத்திற்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தல் வேண்டும். பார்வையற்ற பிள்ளைகட்குத் தொடக்கத்திலேயே தமிழ் 99 விசைப்பலகையைக் கற்பித்தல் வேண்டும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்களுட் பெரும்பாலன வலக்கைக்கும் உரியன. மேடுள்ள விசைகள் இரண்டனுள் இடப்பக்கத்தது புள்ளி, வலப்பக்கத்தது பகரம். அப்பலகை தடவிக் கற்பார்க்கே அமைத்தாற் போன்றது.

புதிய பொறியின் முன் அமர்ந்த அவ்விளைஞர் தம் பங்கைச் செய்துவிட்டார். நூற்றுக்கணக்கான விசைச் சேர்க்கைகளை நினைவில் ஏற்றிக்கொண்டார். அச்சிடுவோர் செய்யவேண்டியது எழுத்துருவை மாற்றுவது ஒன்றே. அதனையும் செய்யாதார் தமிழ் வாழ்க என முழங்குவாராயின், அம்முழக்கம் எவர் செவிக்கு?